சிறுதொழிலுக்கு லேசர் மார்க்கிங் மெஷின் வாங்குவது எப்படி? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பாத்திரம், வண்டி பாகம், பரிசுப் பொருள், நகை என்று ஏதோ ஒரு தொழில் செய்பவர்கள் லேசர் ஒளியால் பொருளின் மேல் எழுத்து, லோகோ பதிக்கும் மார்க்கிங் மெஷின் வாங்க நினைக்கும்போது என்னிடம் கேட்பவற்றை இங்கே திரட்டியிருக்கிறேன். நான் மெஷின் விற்பவன் அல்ல. ஜாப் ஒர்க்காக மார்க்கிங் செய்து கொடுப்பவன். கடன் வாங்கிப் போடுகிற பணம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எத்தனை வாட் மெஷின் வாங்கலாம்?

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்தப் பொருளின் மேல் அடிக்கப் போகிறீர்கள்? லேசர் ஒளியின் அலைநீளத்தை அந்தப் பொருள் உறிஞ்சினால்தான் மார்க் விழும். உறிஞ்சாவிட்டால் நூறு வாட் போட்டாலும் ஒளி ஊடுருவிப் போய்விடும், அல்லது பட்டுத் திரும்பிவிடும். கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட்டை ஃபைபர் லேசருக்கு அடியில் வைத்துப் பாருங்கள். ஷீட் அப்படியே இருக்கும், அடியில் உள்ள அலுமினிய மேஜையில் மார்க் விழுந்திருக்கும்.

ஆகவே, கடந்த சில மாதங்களில் வந்த வேலைகளையும், வந்தும் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பிய வேலைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். எந்தப் பொருள், எத்தனை பீஸ், எவ்வளவு பெரிய எழுத்து. அந்தத் தாள் கையில் இல்லாமல் ஷோரூமுக்குப் போகாதீர்கள்.

ஃபைபர், சிஓ2, யூவி: எது எதற்கு?

ஃபைபர் லேசரின் அலைநீளம் 1064 நானோமீட்டர். இது உலோகத்துக்கானது. எவர்சில்வர், இரும்பு, அலுமினியம், பித்தளை, வெள்ளி, தங்கம் எல்லாவற்றிலும் அடிக்கும். கறுப்பு பிளாஸ்டிக் சிலவற்றிலும், பவுடர் கோட்டிங் செய்த தண்ணீர் பாட்டில்களிலும் நன்றாக வரும்.

சிஓ2 லேசர் 10,600 நானோமீட்டர், அதாவது ஃபைபரைப் போலப் பத்து மடங்கு நீளமான அலை. மரம், அக்ரிலிக், தோல், அட்டை, துணி, ரப்பர், கண்ணாடி இதன் பொருட்கள். பூச்சில்லாத வெறும் உலோகத்தில் இது எதுவும் செய்யாது. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு அட்டை டேக், தோல் லேபிள் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கு சிஓ2தான் வேண்டும்.

யூவி 355 நானோமீட்டர். சூடு குறைவாகவே ஏறும் என்பதால் வெள்ளை ஸ்விட்ச், சார்ஜர் உறை, மருந்து டப்பா, மெல்லிய கண்ணாடி போன்றவற்றில் கருகாமல் துல்லியமாக அடிக்கும். விலை அதிகம். வெள்ளை பிளாஸ்டிக்கில் ஆர்டர் கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள். "பின்னால் உதவும்" என்று வாங்க வேண்டிய மெஷின் அல்ல.

"மூன்றையும் ஒரே மெஷின் செய்யும்" என்று யாராவது சொன்னால், உங்கள் பொருட்களையே அவர் முன்னால் வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

சரி, ஃபைபர்தான் என்று முடிவாகிவிட்டது. 20 வாட் போதுமா?

பெயர், லோகோ, சீரியல் நம்பர், கியூஆர் கோட் ஆகியவற்றை மேலோட்டமாகப் போட 20 வாட் போதும். 30 வாட் அதே வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் முடிக்கும். ஆழமாக வெட்ட வேண்டியவர்கள், அதாவது டை, பஞ்ச், பெயின்ட் அடித்த பிறகும் தெரிய வேண்டிய பார்ட் நம்பர், மெல்லிய வெள்ளித் தகட்டில் பெயர் டாலர் அறுப்பது போன்ற வேலை உள்ளவர்கள், 50 வாட்டுக்குக் கீழே போனால் நேரம் தின்னும்.

மோபா என்று தனி விலை சொல்கிறார்களே, அது என்ன?

சாதாரண ஃபைபர் லேசரில் ஒவ்வொரு துடிப்பின் நீளமும் ஏறக்குறைய மாறாதது, 100 நானோ விநாடியை ஒட்டி இருக்கும். மோபாவில் அதைக் கூட்டலாம், குறைக்கலாம். இதனால் கிடைக்கும் பெரிய லாபம் இரண்டு: அனோடைஸ் செய்த, அதாவது மேலே ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத்தில் நல்ல கறுப்பு வரும், எவர்சில்வரில் வண்ணங்கள் வரும். வண்ணம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெதுவாக வரும். ஒவ்வொரு தகட்டுக்கும் செட்டிங் மாறும். பரிசுப் பொருள், மொபைல் உதிரி, அனோடைஸ் பேனல் வேலை இருந்தால் மோபா பணத்துக்கு ஈடு கொடுக்கும். பாத்திரத்தில் பெயர் போட மட்டும் என்றால் தேவையில்லை.

லென்ஸ் எது கேட்பது?

160 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 110-க்கு 110 மில்லிமீட்டர் பரப்பில் அடிக்கும். 254 லென்ஸில் அது ஏறக்குறைய 175-க்கு 175. பரப்பு பெரிதாகும்போது ஒளிப்புள்ளியும் பெரிதாகும், அழுத்தம் குறையும், கோடு தடிமனாகும். 20 வாட்டில் 300 மில்லிமீட்டர் பரப்பு கேட்டு வாங்கிவிட்டு "மார்க் வெளுப்பாக வருகிறது" என்று அலைபவர்கள் உண்டு. பெரும்பாலான வேலைக்கு 160 போதும். பெரிய தட்டு, பேனல் வந்தால் இரண்டாவது லென்ஸாக 254 வாங்கிக்கொள்ளலாம். லென்ஸ் மாற்றும்போது அதற்கான கரெக்ஷன் செட்டிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லையென்றால் சதுரம் பீப்பாய் போல வளையும். இரண்டு லென்ஸுக்கும் அதைச் செய்து, கணினியில் பதிந்து தரும்படி மெஷின் இறக்கும் நாளிலேயே கேளுங்கள்.

குடம், டம்ளர், டிபன் கேரியர் எல்லாவற்றிலும் பெயர் வருமா?

தட்டை ஆன இடத்தில் வரும். டிபன் கேரியர் மூடியின் நடுவில், தட்டின் விளிம்புக்கு உள்ளே, எந்தச் சிரமமும் இல்லை. வளைந்த இடத்தில்தான் சிக்கல். லேசரின் குவியம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் இருக்கும். அதிலிருந்து சில மில்லிமீட்டர் விலகினாலே எழுத்து மங்கும். ஒரு சொம்பின் வயிற்றில் நீளமான பெயரை ஒரே தடவையில் அடித்தால் நடு எழுத்து பளிச்சென்றும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் புகை படிந்த மாதிரியும் வரும். டம்ளர், பாட்டில் போன்ற உருளைகளுக்கு ரோட்டரி என்ற சுழலும் பிடிப்பான் உண்டு. அது பொருளைச் சுற்றிக்கொண்டே துண்டு துண்டாக அடிக்கும். குடம் போல மேலும் கீழும் பக்கவாட்டிலும் வளைந்தவற்றில், எழுத்தைச் சிறிதாக்கி ஒரே இடத்தில் அடக்குவதுதான் வழி.

இன்னொன்று. பாத்திரக் கடையில் அதிரும் ஊசி மெஷினால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டுபவர், பில் போடும் நேரத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார். சீர்வரிசைக்கு ஐம்பது பாத்திரம் எடுக்கும் குடும்பம் கடையிலேயே நின்று வாங்கிப் போகும். அந்த வேலைக்கு லேசர் கொண்டுவருபவர் அடிக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. பெயரை டைப் செய்வது, பாத்திரத்தை வைப்பது, குவியம் சரிசெய்வது எல்லாம் சேர்ந்து எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு அளவுப் பாத்திரத்துக்கும் ஒரு மரக்கட்டை ஜிக் (பாத்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தும் தாங்கி) செய்து வைத்தால் பாதி நேரம் மிச்சம்.

லேசர் அடித்த இடத்தில் எவர்சில்வர் துருப்பிடிக்குமா?

பிடிக்கலாம். விற்பவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது மிக முக்கியம்.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதில் உள்ள குரோமியத்தால். அது காற்றுடன் சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாக நின்று காக்கிறது. லேசரின் சூடு அந்தப் படலத்தைக் குலைக்கிறது. 304 தரத் தகடு ஓரளவு தாங்கும். விலை குறைந்த பாத்திரங்களில் வரும் 202 போன்ற தரங்களில் நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். அவை சீக்கிரம் துருப்பிடிக்கும். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கத்து உப்புக் காற்று, சமையலறையில் புளியும் உப்பும் சேர்ந்தால் கறுப்பு எழுத்தின் ஓரத்தில் செம்பழுப்பு நிறம் கசிவதைப் பார்க்கலாம்.

ஒரே தடவையில் ஆழமாக எரிக்காமல், குறைந்த சக்தியில் பல தடவை ஓட்டுவது ஒரு வழி. அடித்த பிறகு சிட்ரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்து நன்றாகக் கழுவினால் படலம் மறுபடி உருவாக உதவும். மெஷின் வாங்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: டெமோவில் அடித்த உங்கள் பீஸை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். காலையில் பார்த்தால் அந்த செட்டிங் தேறுமா என்று தெரிந்துவிடும். மருத்துவக் கருவி, மீன் பதப்படுத்தும் கூடத்துப் பொருள் என்று ஆர்டர் எடுப்பவர்கள் இந்தச் சோதனை இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ளக் கூடாது.

தமிழில் பெயர் அடிக்க முடியுமா?

முடியும். ஆனால் மெஷினோடு வரும் ஈஸிகேட் சாஃப்ட்வேரில் நேரடியாகத் தமிழ் யூனிகோடில் டைப் செய்தால் எழுத்து உடையலாம். "கோமதி" என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து விழும். பெயரை கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் அமைத்து, எழுத்தை வளைகோடுகளாக மாற்றி, பிஎல்டி அல்லது டிஎக்ஸ்எஃப் ஃபைலாகக் கொண்டுபோனால் எந்த மெஷினிலும் எழுத்து சிதையாது. எழுத்துக்குள் நிரப்பும் கோடுகளைப் பிறகு ஈஸிகேட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். ணை, ஞ, ஜ போன்றவற்றில் சுழிகள் நெருங்கியிருக்கும். ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் தடித்த எழுத்துருவைப் போட்டால் சுழி அடைத்துப் புள்ளியாகிவிடும். சிறிய அளவுக்கு மெல்லிய எழுத்துருதான் நல்லது. டெமோவுக்குப் போகும்போது "லட்சுமி ஸ்டோர்ஸ்" என்று ஆங்கிலத்தில் அடித்துக் காட்டுவதோடு திருப்தி அடையாமல், உங்கள் ஊர்க்காரர்களின் பெயர் நான்கைத் தமிழில் எடுத்துப் போங்கள்.

டெமோவில் என்னென்ன பார்க்க வேண்டும்?

உங்கள் பொருளை எடுத்துப் போங்கள். அவர்கள் வைத்திருக்கும் விசிட்டிங் கார்டு தகட்டில் எல்லா மெஷினும் அழகாகத்தான் அடிக்கும். அதே பொருளில் பத்து பீஸாவது தொடர்ந்து அடிக்கச் சொல்லி, செல்போனில் நேரம் பாருங்கள். கொட்டேஷனில் விநாடிக்கு 7000 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கும். அது மெஷினின் தலைப்பகுதியில் ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் அசையக்கூடிய வேகம். தெளிவாகக் கறுப்பு விழும் வேகம் அதில் சிறு பங்குதான் இருக்கும். அடித்ததை நகத்தால் சுரண்டுங்கள், கியூஆர் கோட் என்றால் சாதாரண செல்போனில் படிக்கிறதா என்று பாருங்கள், நடுவில் அடித்ததையும் நான்கு மூலையில் அடித்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூலை வெளுத்தால் லென்ஸோ தலைப்பகுதியோ சரியில்லை. நன்றாக வந்த செட்டிங்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: சக்தி, வேகம், ஃப்ரீக்வென்சி, கோடுகளின் இடைவெளி. மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு அதே எண்கள் அதே மார்க்கைத் தர வேண்டும்.

எந்த கம்பெனி சோர்ஸ் நல்லது?

சோர்ஸ் என்பது மெஷினுக்குள் லேசர் ஒளியை உருவாக்கும் பகுதி. ரேகஸ், மேக்ஸ், ஜேபிடி, ஐபிஜி ஆகியவை இங்கே அதிகம் புழங்குபவை. மோபாவில் ஜேபிடி பரவலாக இருக்கிறது. ஐபிஜி விலை கூடியது. ஃபைபர் சோர்ஸுக்கு ஒரு லட்சம் மணி நேர ஆயுள் என்று போட்டிருப்பார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: சோர்ஸ் பழுதானால் யார் வந்து கழற்றுவார்கள், எங்கே அனுப்புவார்கள், திரும்பி வரும்வரை மாற்று தருவார்களா? இதை வாயால் கேட்காமல் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். சோர்ஸின் சீரியல் நம்பரும் பில்லில் இருக்க வேண்டும். துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, சீனாவிலிருந்து நேரே இறக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண், சுங்கவரி, ஏஜென்ட் செலவு எல்லாம் கடந்து வந்த பிறகு, வாரண்டிக்கு அதே கடல் வழியே திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். முதல் மெஷினுக்கு அந்த வழி வேண்டாம்.

எங்கள் ஷெட் தகரக் கூரை. கரண்டும் ஏறி இறங்கும். பரவாயில்லையா?

20 முதல் 50 வாட் வரை ஃபைபர் மெஷின்கள் காற்றால் குளிர்பவை, வீட்டு அளவு மின்சாரமே இழுக்கும். ஆனால் சித்திரை வெயிலில் வியாசர்பாடி தகர ஷெட்டுக்குள் ஏறும் சூட்டில் சோர்ஸ் அலாரம் அடித்து நின்றுவிடும். சிறிய தடுப்பறை போட்டு ஏசி வைப்பது நல்லது. அதே நேரம், ஏசியை நிறுத்தியவுடன் கதவைத் திறந்து ஈரக்காற்றை உள்ளே விட்டால் குளிர்ந்த லென்ஸில் நீர் கோக்கும். அந்த ஈரத்தோடு அடித்தால் லென்ஸ் பூச்சு கெடும். வேலை முடிந்ததும் மூடி போட்டுவிடுங்கள்.

எர்த் கட்டாயம். எர்த் சரியில்லாத இடத்தில் கண்ட்ரோல் போர்டு காரணமே தெரியாமல் கோளாறு செய்யும். எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்த்துவிட்டு மெஷினை இறக்குங்கள். மெஷினுக்கும் கணினிக்கும் சேர்த்து ஒரு ஆன்லைன் யூபிஎஸ் போடலாம்.

கடைசியாக, தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது என்பது நமக்குத் தெரியும். சோர்ஸ் பெரும்பாலும் மேஜைக்கு அடியில் உள்ள பெட்டியில் தரைக்கு அருகே இருக்கும். மேஜை மாடலை வாங்கி மேலே வையுங்கள், அல்லது தரையில் செங்கல் மேடை கட்டி அதன்மேல் நிறுத்துங்கள்.

திறந்த மாடல் வாங்கலாமா? மூடிய பெட்டி மாடலா?

கண்ணுக்காகக் கேட்டால், மூடியது. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது. அது நேரே விழித்திரையில் குவிந்து சுடும், வலி தெரியாமலே பார்வை போகும். எவர்சில்வர் போன்ற பளபளப்பான பொருளில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் ஆபத்தானதுதான். நம் பக்கத்தில் கடை முன்புறம், வீடு பின்புறம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் பட்டறை வழியாகத்தான் உள்ளே போவார்கள். திறந்த மெஷினைத் தெருவைப் பார்த்து வைத்து, வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு முன்னால் அடிப்பதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

திறந்ததுதான் வசதிப்படும் என்றால், 1064 நானோமீட்டருக்கு ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட கண்ணாடி, உள்ளே நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று. சாதாரண கூலிங் கிளாஸ் எந்த வகையிலும் காக்காது. சிஓ2 மெஷின்களில் வரும் தெளிவான அக்ரிலிக் மூடி அந்த ஒளியைத் தடுக்கும். ஃபைபர் ஒளியைத் தடுக்காது. பழைய சிஓ2 மூடியை எடுத்து ஃபைபர் மெஷினுக்கு மாட்டுவது வெறும் தைரியத்துக்குத்தான் உதவும்.

புகையை வெளியே இழுக்கும் குழாய் வேண்டும். பிவிசி, ரெக்ஸின் ஆகியவற்றை லேசரில் வைக்கவே வைக்காதீர்கள். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலையும் அரிக்கும், மெஷினின் இரும்பையும் அரிக்கும்.

சௌகார்பேட்டையில் நகை வேலை நிறைய. ஹால்மார்க் அடித்துக் கொடுத்தால் நல்ல வருமானம் வருமா?

அதைத் தொடவே கூடாது. தங்க நகையில் ஹெச்யூஐடி, அதாவது எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாள எண் அடிக்க, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகரித்த ஹால்மார்க்கிங் மையங்களுக்கு மட்டுமே உரிமை. 2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யூஐடி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது என்பதால் அந்த எண்ணுக்கு இத்தனை மதிப்பு. மோதிரத்தின் உள்ளே பெயர், தேதி, டாலரில் உருவம், கடையின் சொந்த டிசைன் எண் ஆகியவை நீங்கள் தாராளமாகச் செய்யக்கூடிய வேலைகள்.

அதே போல, பிரபல கம்பெனிகளின் லோகோவை உதிரி பாகத்தில் அடித்துத் தரச் சொல்லி மூட்டையோடு வருவார்கள். அந்தக் கம்பெனியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்தால், 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறியீடுகள் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. கொடுத்தவர் தப்பிவிடுவார், மெஷின் உங்கள் பட்டறையில்தான் இருக்கும். வண்டி சேஸிஸ் நம்பர் என்று யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

ஃபைபர் என்றால் யோசிக்கலாம். கண்ணாடிக் குழாய் சிஓ2 என்றால், குழாய் தேய்ந்திருக்கும் என்று கணக்கில் வைத்து, புதுக்குழாயின் விலையைக் கழித்துப் பேசுங்கள். ஃபைபரில் சக்தியை அளக்கும் மீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் உறுதி. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் புள்ளி, கருகல் இருந்தால் வேண்டாம். ஈஸிகேட் அந்த மெஷினின் போர்டோடு பிணைந்தது, எனவே அதே கணினியையோ அதன் செட்டிங்குகள் பதிந்த மார்க்சிஎஃப்ஜி7 ஃபைலையோ பென்டிரைவில் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். புது மெஷின் வாங்குபவர்களும் முதல் நாளே இந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

ஒரு கணக்குக்காக மெஷின் மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 3,54,000. ஜிஎஸ்டி பதிவு பெற்று வழக்கமான முறையில் கணக்கு கொடுப்பவர்கள் அந்த 54,000-ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். விற்றுமுதலில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் வரி கட்டும் காம்போசிஷன் முறையில் இருப்பவர்களால் முடியாது. மூன்று லட்சத்தை 12% வட்டியில் மூன்று ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை சுமார் 9,960 ரூபாய். கூலி, வாடகை, கரண்ட் போக பீஸுக்கு ஐந்து ரூபாய் நிற்கும் என்றால், தவணைக்கு மட்டும் மாதம் 2,000 பீஸ் வேண்டும். இருபத்தைந்து வேலை நாளில், நாளுக்கு 80. அந்த 80 பீஸை இன்று யார் தருவார் என்று பெயர் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால், அந்த அளவு வேலை சேரும்வரை வெளியே கொடுத்து அடித்து வாங்குங்கள். அதில் லாபம் குறைந்தாலும் வாடிக்கையாளர் உங்களிடமே நிற்பார்.

மானியம் கிடைக்குமா?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிதாகத் தொடங்கும் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்டச் செலவு காட்டலாம். நகர்ப்புறத்தில் பொதுப்பிரிவினருக்கு 15%, பெண்கள், பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலான சிறப்புப் பிரிவினருக்கு 25% மானியம். ஏற்கெனவே நடக்கும் பட்டறைக்கு இதில் முதல் கடன் கிடையாது. மெஷினை முதலில் வாங்கிவிட்டுப் பில்லைக் காட்டி மானியம் கேட்க முடியாது. கொட்டேஷனோடு விண்ணப்பித்து, கடன் ஒப்புதல் ஆன பிறகே வாங்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் தொழில் என்றால் முத்ரா கடனில் கிஷோர் பிரிவு ஐந்து லட்சம் வரை தரும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் செல்போனிலேயே செய்யலாம். அதற்கு ஆயிரம் இரண்டாயிரம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். மாவட்டத் தொழில் மையம் கிண்டியில் இருக்கிறது. போகும்போது இரண்டு கொட்டேஷன், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில் ஆகியவற்றின் நகல்களை எடுத்துப் போனால் ஒரே நடையில் வேலை முடிய வாய்ப்புண்டு.